மெதுவான இணைப்பில் கேம் ஸ்ட்ரீம்: எந்தக் கோளாறுக்கு எந்த வைத்தியம்

விளையாடுகிற உங்கள் திரையில் எல்லாம் பளிச்சென்று இருக்கும். பார்க்க வந்தவர்கள் மட்டும் சாட்டில் "கட்டம் கட்டமா தெரியுது", "நின்னு நின்னு வருது" என்று எழுதிக்கொண்டிருப்பார்கள். அதைப் படித்ததும் கை தானாகப் போவது பிட்ரேட்டுக்குத்தான், அதாவது நொடிக்கு எத்தனை கிலோபிட் தரவு அனுப்புவது என்ற எண்ணுக்கு. 2500 இருந்தால் 4000 ஆக்கிவிடுவோம். மெதுவான இணைப்பில் இதைச் செய்தால் பெரும்பாலும் நிலைமை இன்னும் கெடும்.

விரலுக்குத் தகுந்த வீக்கம்தான் தாங்கும். இணைப்பு தருவது இவ்வளவுதான் என்று முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். அப்புறம் அதற்குள் அடங்குகிற மாதிரி படத்தின் அளவையும் அசைவையும் குறைக்க வேண்டும். 1080பி (படத்தின் உயரம் 1080 பிக்சல்) என்ற பெயருக்காகக் குழம்பிய படத்தைக் காட்டுவதைவிட, 540பியில் துடைத்து வைத்தது போன்ற படத்தைக் காட்டலாம் என்பதுதான் என் கட்சி. கீழே சொல்வதெல்லாம் ஓபிஎஸ் ஸ்டுடியோ என்ற ஸ்ட்ரீமிங் மென்பொருளை வைத்துச் சொல்வது. வேறு மென்பொருளில் மெனுப் பெயர்கள் மாறும், விஷயம் மாறாது.

எதையும் தொடுவதற்கு முன்னால்

ஓபிஎஸ்ஸில் டாக்ஸ் மெனுவைத் திறந்து ஸ்டாட்ஸ் என்பதைச் சொடுக்குங்கள். சிறிய பலகை ஒன்று வரும். அதில் மூன்று எண்கள் நமக்கு முக்கியம்.

ஒன்று, நெட்வொர்க்கில் கைவிடப்பட்ட ஃப்ரேம்கள் (வீடியோவின் தனித்தனிப் படங்கள்). இது ஏறினால் குற்றவாளி இணைப்பு. இரண்டாவது, என்கோடிங் லேக்கால் தவறிய ஃப்ரேம்கள். இது ஏறினால் கணினியால் வீடியோவைச் சுருக்கி முடிக்க முடியவில்லை. மூன்றாவது, ரெண்டரிங் லேக்கால் தவறியவை. இது ஏறினால் கிராபிக்ஸ் கார்டு கேமுக்கே போதாமல் திணறுகிறது, ஓபிஎஸ்ஸுக்கு மிச்சம் எதுவும் இல்லை.

மூன்றும் சுழியமாக இருந்தும் படம் அசிங்கமாக இருந்தால் எந்தப் பாகமும் பழுதில்லை. கொடுத்திருக்கிற பிட்ரேட் அந்தப் படத்துக்குப் போதவில்லை, அவ்வளவுதான்.

சந்தேகம் தீர இன்னொரு சோதனை. அவுட்புட் செட்டிங்ஸில் ரெக்கார்டிங்குக்கான என்கோடராக (வீடியோவைச் சுருக்கும் பகுதி), ஸ்ட்ரீமுக்கு உள்ளதையே பயன்படுத்தும்படி வையுங்கள். ஸ்ட்ரீம் செய்யும்போதே ரெக்கார்டும் ஓடட்டும். கணினியில் சேமிக்கப்படும் அந்தக் கோப்பு, இணைப்புக்குள் நுழைவதற்கு முந்தைய நிலையில் உங்கள் ஸ்ட்ரீம். பின்னர் அதைப் போட்டுப் பாருங்கள். கோப்பு சீராக ஓடி, நேரலை மட்டும் நின்று நின்று வந்திருந்தால் கோளாறு வழியில் இருக்கிறது. கோப்பிலேயே கட்டங்கள் தெரிந்தால் ரவுட்டரைத் திட்டிப் பயனில்லை, செட்டிங்ஸைத்தான் பார்க்க வேண்டும்.

இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் நான் ஒரு வாரத்தை வீணாக்கியிருக்கிறேன். அதனால்தான் இதை முதலில் வைத்தேன்.

"படம் நிற்கிறது, பிறகு தாவுகிறது"

நெட்வொர்க் எண் ஏறிக்கொண்டிருக்கும். ஓபிஎஸ்ஸின் கீழ்ப்பட்டையில் இருக்கிற பச்சைக்குறி மஞ்சளாகி, சிவப்பாகும்.

உள்ளே நடப்பது இதுதான். என்கோடர் நொடிக்கு இவ்வளவு பிட் என்று விடாமல் தயாரித்துக்கொண்டே இருக்கிறது. பெரும்பாலான ஸ்ட்ரீம்கள் ஆர்டிஎம்பி என்ற நெறிமுறை வழியாகப் போகின்றன. அது டிசிபி என்ற அடிப்படை நெறிமுறையின் மேல் ஓடுவது. டிசிபியில் ஒரு துண்டு வழியில் தொலைந்தால் அதைத் திரும்ப அனுப்பியே ஆக வேண்டும், அதுவரை பின்னால் வருபவை வரிசையில் நிற்கும். வரிசை அளவுக்கு மீறி நீண்டதும் ஓபிஎஸ் சில ஃப்ரேம்களைத் தூக்கிப் போட்டுவிட்டு முன்னால் போகிறது. பார்ப்பவர் காண்கிற தாவல் அதுதான்.

ஆக, முதல் வேலை இணைப்பு உண்மையில் எவ்வளவு தாங்கும் என்று அளப்பது. இங்கே பலரும் சறுக்குகிற இடங்கள் சில உண்டு.

ஸ்பீட் டெஸ்ட்டில் பெரிதாகத் தெரிகிற டவுன்லோட் எண் நமக்கு எதற்கும் உதவாது. அப்லோட் எண் மட்டும்தான் கணக்கு. பல இணைப்புகளில் டவுன்லோடைவிட அப்லோட் பல மடங்கு குறைவு. தொலைபேசிக் கம்பியில் வரும் ஏடிஎஸ்எல் இணைப்பு என்றால் அப்லோட் 1 மெகாபிட்டை ஒட்டித்தான் இருக்கும்.

மெகாபிட்டும் மெகாபைட்டும் வேறு வேறு. 8 பிட் சேர்ந்தது 1 பைட். ஏதோ ஒரு கோப்பு நொடிக்கு 0.5 மெகாபைட் வேகத்தில் மேலேறினால் உங்களிடம் இருப்பது 4 மெகாபிட், அதாவது 4000 கிலோபிட். ஓபிஎஸ் கேட்பது கிலோபிட்டில்.

ஒருமுறை அளந்தால் போதாது. நீங்கள் வழக்கமாக ஸ்ட்ரீம் செய்யும் அதே நேரத்தில், சில நாட்கள் அளந்து பாருங்கள். 4.1, 3.8, 2.9 என்று வந்தால் உங்கள் வேகம் 2.9. சராசரியை எடுத்தால் மோசமான தினத்தில் மாட்டிக்கொள்வீர்கள். அந்த 2.9ஐக்கூட முழுவதும் பயன்படுத்தக் கூடாது. ஸ்பீட் டெஸ்ட் சில நொடிகள்தான் ஓடுகிறது, அதுவும் பெரும்பாலும் பல இணைப்புகளை ஒன்றாகத் திறந்து அளக்கிறது. உங்கள் ஸ்ட்ரீமோ ஒரே இணைப்பில் மணிக்கணக்கில் ஓட வேண்டும். ஆகவே குறைந்தபட்ச எண்ணில் 70 சதவீதம்: 2.9 மெகாபிட் என்றால் சுமார் 2000 கிலோபிட். ஒலியும் இதற்குள்தான் அடங்க வேண்டும்.

"இவ்வளவு குறைத்தால் படம் என்னவாகும்?" என்று கேட்பீர்கள். அதற்குப் பின்னால் வருகிறேன். முதலில் நிற்காமல் ஓடட்டும்.

பிட்ரேட்டைக் குறைத்தும் ஃப்ரேம் விழுந்தால், அந்த அப்லோடை வேறு யார் தின்கிறார்கள் என்று தேடுங்கள். என் விஷயத்தில் அது என் போனேதான். சார்ஜில் போட்டதும் அன்றைக்கு எடுத்த படங்களையெல்லாம் மேகத்துக்கு ஏற்ற ஆரம்பித்துவிடும். நான் சார்ஜில் போடும் நேரமும் ஸ்ட்ரீம் தொடங்கும் நேரமும் ஒன்று. கணினியிலும் இதேபோலச் சத்தமில்லாமல் ஏற்றுகிறவை உண்டு: பேக்அப் மென்பொருள், மேகக் கோப்புறை, டாரண்ட். விண்டோஸில் டெலிவரி ஆப்டிமைசேஷன் என்று ஒன்று இருக்கிறது. உங்கள் கணினி இறக்கிய அப்டேட்டை மற்றவர்களின் கணினிகளுக்குக் கொடுக்க அது உங்கள் அப்லோடைப் பயன்படுத்தக்கூடும். செட்டிங்ஸில் போய் அணைத்துவிடலாம்.

அடுத்து வைஃபை. இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை: ஸ்ட்ரீம் செய்யும் கணினிக்குக் கேபிள் போடுங்கள். வேகத்துக்காக அல்ல, சீருக்காக. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். அக்கம்பக்கத்து ரவுட்டர்களெல்லாம் அந்த மூன்றில்தான் முட்டிமோதுகின்றன. மைக்ரோவேவ் அடுப்பும் இதே அலைவரிசையில்தான் இரைகிறது. கேபிளுக்கு வழியே இல்லை என்றால் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறி, ரவுட்டர் இருக்கும் அறையிலேயே உட்காருங்கள். சுவர்களைத் தாண்டும்போது 5 கிகாஹெர்ட்ஸ் சீக்கிரம் சோர்ந்துவிடும்.

பிறகு உங்கள் ஸ்ட்ரீமை வாங்கிக்கொள்ளும் சர்வர். தானாகத் தேர்ந்தெடுக்கும்படி விட்டிருந்தால், பட்டியலில் உங்களுக்கு அருகில் இருக்கும் இரண்டு மூன்றைக் கையால் மாற்றிச் சோதியுங்கள். வரைபடத்தில் அருகில் இருப்பது இணையப் பாதையிலும் அருகில் இருக்க வேண்டும் என்பதில்லை.

கடைசியாக, அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதியில், நெரிசலுக்குத் தக்கபடி பிட்ரேட்டைத் தானே மாற்றிக்கொள்ளும் ஒரு தேர்வு இருக்கிறது. டைனமிக் பிட்ரேட் என்பார்கள். இதை இயக்கினால் வழி குறுகும்போது ஃப்ரேமைக் கைவிடாமல் தரத்தைச் சற்று நேரம் தாழ்த்திக்கொள்ளும், வழி திறந்ததும் மெல்ல ஏற்றும். மொபைல் டேட்டாவில் ஸ்ட்ரீம் செய்பவர்கள் இதை இயக்காமல் இருக்கவே கூடாது. வேகம் குறைவாக இருந்தாலும் ஏற்ற இறக்கம் இல்லாத கம்பி இணைப்பு என்றால் இது தேவைப்படாது, சரியான எண்ணைப் போட்டாலே போதும்.

"ஸ்ட்ரீம் தொடங்கியதும் கேமில் பிங் எகிறுகிறது"

ஃப்ரேம் விழவில்லை, ஆனால் 40 மில்லிநொடியாக இருந்த பிங் (கேம் சர்வருக்குத் தரவு போய்த் திரும்பும் நேரம்) 300, 400 என்று போகிறது. நீங்கள் சுட்டவன் சாகாமல் நீங்களே சாகிறீர்கள். இதற்குப் பெயர் பஃபர்ப்ளோட். அப்லோட் நிரம்பும்போது ரவுட்டரும் மோடமும் மிச்சத் தரவைத் தூக்கிப் போடாமல் நீளமான வரிசையில் சேர்த்து வைக்கின்றன. கேம் அனுப்புகிற சின்னஞ்சிறு தரவும் அந்த வரிசையின் வாலில் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

மருந்து: பிட்ரேட்டை இன்னும் 10 சதவீதம் இறக்கிப் பாருங்கள். பல சமயம் அதுவே போதும், வரிசை உருவாகாமலே போய்விடும். ரவுட்டரில் வரிசையை நீளவிடாத எஸ்க்யூஎம் என்றோ ஸ்மார்ட் க்யூ என்றோ இருந்தால் அதை இயக்கி, அப்லோட் உச்சவரம்பாக அளந்த வேகத்தில் சுமார் 90 சதவீதத்தைக் கொடுங்கள். ஓபன்டபிள்யூஆர்டி மென்பொருள் போட்ட ரவுட்டர்களில் இது சிறப்பாக வேலை செய்கிறது. வெறும் கியூஓஎஸ் என்று பெயர் போட்ட பொத்தான்கள் எல்லாம் இந்த வேலையைச் செய்வதில்லை. இயக்கிய பின் பிங் இறங்கியதா என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

"நின்றால் தெளிவு, ஓடினால் கட்டம் கட்டம்"

பெரும்பாலானோர் மாட்டிக்கொள்வது இங்கேதான், கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

வீடியோ சுருக்கம் என்பது மாறாததைத் திரும்பச் சொல்லாமல் இருப்பது. போன ஃப்ரேமில் இருந்த சுவர் இந்த ஃப்ரேமிலும் அங்கேயே இருந்தால் "அதே சுவர்" என்று ஒரு குறிப்போடு என்கோடர் முடித்துக்கொள்ளும். நீங்கள் சுழன்று திரும்பினால் திரை முழுக்கப் புதுசு. எல்லாவற்றையும் சொல்ல வேண்டும், ஆனால் சொல்ல ஒதுக்கிய பிட்டுகள் அதே அளவுதான். அப்போது என்கோடர் நுணுக்கங்களை விட்டுவிட்டு ஒவ்வொரு சதுரத்துக்கும் ஒப்புக்கு ஒரு நிறம் பூசி அனுப்புகிறது. ஹெச்.264 என்ற வழக்கமான சுருக்கமுறை படத்தை 16க்கு 16 பிக்சல் சதுரங்களாகப் பிரித்துத்தான் வேலை செய்கிறது. உங்கள் பார்வையாளர்கள் பார்க்கும் கட்டங்கள் அவைதான்.

இதைச் சரிசெய்ய ஒரு சின்னக் கணக்கு. அகலம், உயரம், நொடிக்கான ஃப்ரேம் மூன்றையும் பெருக்கினால் நொடிக்கு எத்தனை பிக்சல் என்று வரும். பிட்ரேட்டை அதனால் வகுத்தால் ஒரு பிக்சலுக்கு எவ்வளவு பிட் கிடைக்கிறது என்று தெரியும். 1920க்கு 1080, 60 ஃப்ரேம் என்றால் நொடிக்கு 12.4 கோடி பிக்சல். 2500 கிலோபிட்டை அதற்குப் பங்கிட்டால் பிக்சலுக்கு 0.02 பிட். இது பட்டினி. அதே 2500ஐ 1280க்கு 720, 30 ஃப்ரேமுக்குக் கொடுத்தால் 0.09. வேகமான கேமுக்குக்கூட 0.08இலிருந்து 0.1 வரை இருந்தால் படம் பார்க்கும்படி இருக்கும் என்பது நான் வைத்திருக்கும் அளவுகோல். சதுரங்கம், சீட்டு, நிதானமான உத்தி விளையாட்டுகள் பாதியிலேயே திருப்தியாகிவிடும்.

அந்த அளவுகோலின்படி:

1000 கிலோபிட்: 852க்கு 480, 30 ஃப்ரேம்.
1500 கிலோபிட்: 960க்கு 540 அல்லது 1024க்கு 576, 30 ஃப்ரேம்.
2500 கிலோபிட்: 1280க்கு 720, 30 ஃப்ரேம்.
4500 கிலோபிட்: 1280க்கு 720, 60 ஃப்ரேம்.

கடைசி வரி ட்விட்ச் என்ற ஸ்ட்ரீமிங் தளத்தின் பரிந்துரையோடு ஒத்துப்போகிறது. 720பி 30 ஃப்ரேமுக்கு அவர்கள் 3000 சொல்கிறார்கள். முடிந்தால் கொடுக்கலாம்.

60 ஃப்ரேமா 30 ஃப்ரேமா என்ற சண்டையில் என் தீர்ப்பு: 4000 கிலோபிட்டுக்குக் கீழே 60ஐ மறந்துவிடுங்கள். உங்கள் கையில் 60 ஃப்ரேம் ஓடுவதன் சுகம் விளையாடுகிற உங்களுக்கு. பார்க்கிறவருக்கு முதலில் எதிரியின் முகம் தெரிய வேண்டும்.

அளவைக் குறைத்ததும் இன்னொரு கதவு திறக்கிறது, இதைப் பலர் கவனிப்பதில்லை. 540பி 30 ஃப்ரேம் என்பது 1080பி 60 ஃப்ரேமில் சரியாக எட்டில் ஒரு பங்கு பிக்சல். பிராசஸருக்கு வேலை அந்த அளவுக்குக் குறைகிறது. பிராசஸரில் ஓடும் எக்ஸ்264 என்கோடரில் ஓபிஎஸ் முதலில் வைத்திருக்கும் ப்ரீசெட் (வேகம், தரம் இரண்டையும் தீர்மானிக்கும் தயார் அமைப்பு) வெரிஃபாஸ்ட். அதை ஃபாஸ்டர், ஃபாஸ்ட், மீடியம் என்று ஒவ்வொரு படியாக இறக்கிப் பாருங்கள். பெயரில் வேகம் குறையக் குறைய, அதே பிட்ரேட்டில் படம் தெளிவாகிறது. என்கோடர் அதிக நேரம் யோசித்துச் சிக்கனமான வழியைக் கண்டுபிடிக்கிறது. 1080பியில் மீடியம் போட்டால் சாதாரண பிராசஸர் மூச்சுத் திணறும், 540பியில் பல பழைய பிராசஸர்களே தாங்கும். பிட்ரேட் தாராளமாக இருப்பவருக்கு ப்ரீசெட் மாறினால் வித்தியாசம் தெரிவது கஷ்டம். நமக்குத்தான் ஒவ்வொரு படியும் கண்ணில் படும்.

கேமே பிராசஸரை உறிஞ்சுகிறது என்றால் கிராபிக்ஸ் கார்டின் என்கோடருக்கு மாறுங்கள். என்விடியாவின் என்வென்க் 2018இல் வந்த டூரிங் தலைமுறையிலிருந்து குறைந்த பிட்ரேட்டிலும் நம்பத்தக்கதாக மாறியது. அதற்கு முந்தைய கார்டுகளில் 2000 கிலோபிட்டில் நான் பார்த்த படம் சுமார்தான். என்வென்க்கில் ப்ரீசெட்டைத் தரத்தின் பக்கம் தள்ளி, பி-ஃப்ரேம் 2 வைத்து, இரண்டு பாஸ் தேர்வை இயக்குங்கள்.

கேமின் உள்ளேயும் செய்ய நிறைய இருக்கிறது. ஃபிலிம் கிரெய்ன் என்று ஒரு தேர்வு இருந்தால் முதலில் அதை அணையுங்கள். திரை முழுக்க ஒவ்வொரு ஃப்ரேமிலும் புதிதாக மணல் தூவுகிற வேலை அது, என்கோடருக்கு அதைவிடப் பெரிய எதிரி இல்லை. மழை, பனி, அசையும் புல் ஆகியவற்றின் அடர்த்தியைக் குறைக்க முடிந்தால் குறையுங்கள். மோஷன் ப்ளர் விசித்திரமான விஷயம். விளையாடுபவர்களுக்கு ஆகாது, ஆனால் அது அசைவின்போது நுணுக்கங்களைத் தேய்த்துவிடுவதால் என்கோடருக்குச் சுமை குறையும். போட்டி இல்லாத கதை விளையாட்டு என்றால் இயக்கி வைத்து ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

அப்புறம் உங்கள் முகம். இருட்டறையில் வெப்கேமராவின் படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் துடிக்கும். மூலையில் இருக்கும் அந்தச் சின்னச் சட்டம் ஃபிலிம் கிரெய்ன் செய்கிற அதே வேலையைச் செய்து, கேமுக்குப் போக வேண்டிய பிட்டுகளைத் தின்கிறது. முகத்துக்கு முன்னால் ஒரு விளக்கை வையுங்கள். 1000 கிலோபிட் என்றால் கேமராவையே எடுத்துவிட்டு ஒரு நிலைப்படம் வைக்கலாம். கேமின் மேல் நீங்கள் ஒட்டும் மினுமினுக்கும் ஓவர்லே, ஓடும் எழுத்து, பறக்கும் துகள்கள் இவற்றுக்கும் இதே தீர்ப்பு. காட்சி மாறும்போது ஃபேட் வேண்டாம், கட் போதும். ஃபேடில் ஒவ்வொரு பிக்சலும் ஒவ்வொரு ஃப்ரேமிலும் மாறுகிறது.

ரேட் கண்ட்ரோல் சிபிஆர் (மாறாத பிட்ரேட்) என்றே இருக்கட்டும். விபிஆர் (மாறும் பிட்ரேட்) வைத்தால் அமைதியான காட்சியில் மிச்சம் பிடித்து, சண்டைக்காட்சியில் இணைப்பு தாங்காத அளவுக்கு எகிறும். நமக்கு அந்த ஆடம்பரம் கிடையாது.

"எழுத்தைப் படிக்க முடியவில்லை"

பெரிய படம் சுருங்கும்போது முதலில் சாவது எழுத்துதான். வீடியோ செட்டிங்ஸில் டவுன்ஸ்கேல் ஃபில்டரை லான்க்ஸோஸ் ஆக்குங்கள்; பைலீனியர் இருந்தால் எல்லாம் மழுங்கித் தெரியும். சுருக்கும் வேலை ஒரே ஒரு முறை நடக்க வேண்டும். கேம் ஓர் அளவில் ஓடி, காட்சியில் அதைக் கையால் இழுத்து வேறோர் அளவாக்கி, பிறகு அவுட்புட்டில் மூன்றாவது அளவுக்கு மாற்றினால் ஒவ்வொரு முறையும் கூர்மை போகும். முடிந்தால் கேமையே 1280க்கு 720இல் ஓடவிட்டு, கேன்வாஸையும் (ஓபிஎஸ் காட்சியை அடுக்கும் பரப்பு) அவுட்புட்டையும் அதே அளவில் வைத்துவிடுங்கள். அளவைச் சுருக்கவே தேவைப்படாது.

கருப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்து மட்டும் கசிந்து தெரிகிறதா? அது பிட்ரேட் கோளாறு இல்லை. ஸ்ட்ரீமில் நிறத் தகவல் அகலத்திலும் உயரத்திலும் பாதி நுணுக்கத்தில்தான் போகிறது, வெளிச்சத் தகவல்தான் முழுதாகப் போகிறது. அதனால் நிறத்தால் மட்டும் வேறுபடும் எழுத்து மங்கும், வெளிச்சத்தால் வேறுபடும் வெள்ளை எழுத்து நிற்கும். உங்கள் ஓவர்லே எழுத்துகளை வெள்ளையாக்கிக் கருப்பு விளிம்பு கொடுங்கள். கேமில் யூஐ அளவு, சப்டைட்டில் அளவு என்று எது கிடைத்தாலும் பெரிதாக்குங்கள்.

"இரண்டு நொடிக்கு ஒருமுறை படம் துடிக்கிறது"

மெல்ல மங்கி, சட்டென்று தெளிந்து, திரும்ப மங்கும், மூச்சு விடுவது போல. கீஃப்ரேம் வருகிற தாளம் அது. கீஃப்ரேம் என்பது முந்தையதைச் சார்ந்திராத முழுப்படம், அதற்கு அதிக பிட் தேவை. இடைவெளியை 1 நொடி ஆக்கியிருந்தால் உடனே 2 ஆக்குங்கள். ட்விட்ச், யூடியூப் இரண்டும் பரிந்துரைப்பது 2. யூடியூப் 4 நொடி வரை அனுமதிக்கிறது. அங்கே 3 அல்லது 4 வைத்தால் துடிப்பு குறையும், பதிலாகத் தாமதம் சற்றே கூடும். இதற்கு மேலும் துடித்தால் மேலே சொன்ன கணக்குக்குத் திரும்புங்கள், பிக்சல்கள் இன்னும் அதிகமாகத்தான் இருக்கின்றன.

"நெட்வொர்க் எண் சுழியம், ஆனாலும் திக்குகிறது"

இது இணையத்தின் குற்றமே இல்லை. என்கோடிங் எண் ஏறினால் எக்ஸ்264 ப்ரீசெட்டை வேகமானதாக மாற்றுங்கள், அல்லது கார்டின் என்கோடருக்குப் போங்கள். ரெண்டரிங் எண் ஏறினால் கேமின் ஃப்ரேம் ரேட்டுக்கு ஓர் உச்சவரம்பு வையுங்கள். 60 ஹெர்ட்ஸ் திரையில் 140 ஃப்ரேம் ஓட்டுவதில் கார்டின் மூச்சு மொத்தமும் போகிறது. விண்டோஸில் ஓபிஎஸ்ஸை அட்மினிஸ்ட்ரேட்டராக இயக்கினால் கார்டில் அதற்கு முன்னுரிமை கிடைக்கும். டிஸ்ப்ளே கேப்சருக்குப் பதில் கேம் கேப்சர் பயன்படுத்துங்கள்.

"சிலருக்கு மட்டும் நிற்கிறது"

ஒரே ஒருவர் புகார் சொன்னால் பெரும்பாலும் அது அவருடைய இணைப்பு. பலர் சொல்லி, உங்கள் எண்கள் சுத்தமாக இருந்தால், தரத்தைக் குறைத்துப் பார்க்கும் தேர்வு அவர்களுக்குக் கிடைக்கிறதா என்று கேளுங்கள். யூடியூப் ஸ்ட்ரீமைத் தன் பக்கத்தில் பல அளவுகளாக மாற்றித் தருகிறது. ட்விட்ச்சில் சிறிய சேனல்களுக்கு அது எப்போதும் உறுதியில்லை. தேர்வு கிடைக்காவிட்டால் நீங்கள் அனுப்புவதையே எல்லோரும் பார்த்தாக வேண்டும். மெதுவான இணைப்பில் இருக்கிற பார்வையாளர்கள் உங்களுக்கு அதிகம் என்றால், உங்களால் 4500 அனுப்ப முடிந்தாலும் 2500 அனுப்புவது அவர்களுக்குச் செய்யும் உதவி.

லேட்டன்சியையும் (நேரலை பார்ப்பவரை அடைய ஆகும் தாமதம்) பாருங்கள். அல்ட்ரா லோ வைத்தால் பார்ப்பவரின் பிளேயரில் கையிருப்பு ஒன்றிரண்டு நொடிகள்தான், உங்கள் பக்கம் சின்னத் தடங்கல் வந்தாலே படம் நின்றுவிடும். சாட்டோடு நொடிக்கு நொடி பேசுகிற ஆள் நீங்கள் இல்லையென்றால் நார்மல் போதும்.

"அரை மணி நேரம் நன்றாக ஓடி, பிறகு கெடுகிறது"

போனிலிருந்து ஸ்ட்ரீம் செய்பவர்களுக்கு முதல் சந்தேகம் சூடு. கேம், என்கோடர், மொபைல் டேட்டா மூன்றும் ஒரே நேரத்தில் ஓடினால் போன் கொதிக்கும், தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். உறையைக் கழற்றுங்கள், திரை வெளிச்சத்தைக் குறையுங்கள், சார்ஜில் போட்டுக்கொண்டே ஸ்ட்ரீம் செய்யாதீர்கள். ஸ்ட்ரீம் செய்வது கணினி, போன் வெறும் ஹாட்ஸ்பாட் என்றால் வைஃபை வழியே வேண்டாம், யூஎஸ்பி கேபிளில் டெதர் செய்யுங்கள். போனை ஜன்னலோரம் வைப்பதுகூட எண்ணை மாற்றும்.

இரண்டாவது சந்தேகம் டேட்டா வரம்பு. 2500 கிலோபிட் என்பது மணிக்குச் சுமார் 1.1 கிகாபைட். நாளொன்றுக்கு இவ்வளவு என்று வரம்பு உள்ள திட்டத்தில் அது தீர்ந்ததும் வேகம் வெட்டப்படும், அதற்கு மேல் எந்த செட்டிங்ஸும் காப்பாற்றாது. மூன்றாவது, மாலையில் எல்லோரும் இணையத்துக்கு வருகிற நெரிசல். தினமும் ஒரே மணிக்குத்தான் கெடுகிறது என்றால் இதுதான் காரணம். நேரத்தை மாற்ற முடியுமா பாருங்கள்.

ஒலி பற்றி ஒரு வார்த்தை

ஓபிஎஸ் ஒலிக்கு 160 கிலோபிட் ஒதுக்கியிருக்கும். மொத்தமே 1000 இருக்கும்போது அதை 96 ஆக்கினால் 64 கிலோபிட் படத்துக்குக் கிடைக்கிறது. பேச்சுக்கும் கேம் சத்தத்துக்கும் 96 போதும். அதற்குக் கீழே போகாதீர்கள். மங்கலான படத்தைப் பொறுத்துக்கொள்கிறவர்கள் கரகரப்பான குரலைப் பொறுத்துக்கொள்வதில்லை.

கார்டு புதியதாக இருந்தால்

என்விடியா ஆர்டிஎக்ஸ் 40 வரிசை, ஏஎம்டி ஆர்எக்ஸ் 7000 வரிசை, இன்டெல் ஆர்க் ஆகியவற்றில் ஏவி1 என்ற புதிய சுருக்கமுறைக்கான என்கோடர் உண்டு. 2023இல் வந்த ஓபிஎஸ் 29.1 முதல் யூடியூபுக்கு ஏவி1இல் நேரடியாக ஸ்ட்ரீம் செய்யலாம். அதே 2000 கிலோபிட்டில் ஹெச்.264ஐவிடக் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குத் தெளிவு கிடைக்கும், முக்கியமாகக் கட்டங்கள் குறையும். ஸ்ட்ரீமுக்காக மட்டும் புதுக் கார்டு வாங்கச் சொல்ல மாட்டேன். இருக்கிற கார்டில் அது சும்மா கிடந்தால் பயன்படுத்தாமல் விடாதீர்கள்.

சோதிக்கிற முறை

யூடியூபில் ஸ்ட்ரீமைப் பிரைவேட்டாக வைத்தும், ட்விட்ச்சில் ஓபிஎஸ்ஸில் இருக்கும் பேண்ட்வித் டெஸ்ட் தேர்வை இயக்கியும் யாருக்கும் தெரியாமல் ஓட்டிப் பார்க்கலாம். வழக்கமாக ஸ்ட்ரீம் செய்யும் நேரத்தில் 20 நிமிடம் ஓட்டுங்கள். கேமில் மிக அமளியான இடத்துக்குப் போய்ச் சுற்றிச் சுற்றி ஓடுங்கள். மெனுத் திரையில் எல்லா செட்டிங்ஸும் அழகாகத்தான் தெரியும். ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம். மூன்றை ஒன்றாக மாற்றிவிட்டு எது வேலை செய்தது என்று தெரியாமல் விழிப்பதைவிட, பழைய எண்களை ஒரு தாளில் குறித்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போகலாம். முடிவை உங்கள் கணினியின் ஓபிஎஸ் சாளரத்தில் பார்க்காதீர்கள், அது எப்போதும் பொய் சொல்லும். யூடியூபில் பிரைவேட்டாக ஓட்டியதைப் போனில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் பாருங்கள்.

எல்லாம் செய்தும் அப்லோட் 700, 800 கிலோபிட்டைத் தாண்டாத நாட்களில் நான் செய்வது இது: நேரலையை 480பியில் சிறியதாக ஓட்டிக்கொண்டே, தனி ரெக்கார்டிங்கை முழு அளவில், உயர்ந்த பிட்ரேட்டில் கணினியில் சேமிப்பேன். இதற்கு ரெக்கார்டிங் என்கோடரைத் தனியாக வைக்க வேண்டும், கார்டில் என்வென்க் போன்ற ஒன்று இருந்தால் சுலபம். சாட்டுக்காக வருகிறவர்கள் நேரலைக்கு வந்துவிடுகிறார்கள். படத்துக்காகப் பார்க்கிறவர்களுக்கு இரவு தூங்கப்போகும்போது அந்தக் கோப்பை ஏற்றவிட்டுப் போவேன்; இந்த வேகத்தில் அது முடிய ஓர் இரவுக்கு மேலும் ஆகலாம்.